சுகுமாறன் கேட்ட பட்டிமன்றம்

சுகுமாறனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டோடு தீர்ந்துவிடும். லாரி நன்றாக ஓட்டுவான். குரலை உயர்த்த மாட்டான். மூன்றாவதைத் தேடிப் பல வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வீட்டுக்கு எதிரே அவனுக்கு நடந்ததை என் எதிரிக்கும் நான் நினைக்க மாட்டேன். அந்த ஆத்திரத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் பிறந்தது ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பா அய்யாவு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அந்த மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டதும் குலை அறுக்கப் போனார். பையன் பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி, குலை ஏற்றும் லாரியில் தொற்றிக்கொள்வான். அடி விழும். மறுநாளும் அதே லாரிதான். வயது வந்ததும் லைசன்ஸ் எடுத்தான். பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து வடக்கே கண்டெய்னர் இழுக்கும் பெரிய வண்டிகளுக்கு மாறினான். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவன் முகத்தில் களை வரும். கல்யாண மேடையில்கூட அந்தக் களை இல்லை. நான் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவள்.

கட்டிக்கொண்டது எங்கள் யோங் பெங் பெண் ரூபினியை. எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எனக்கு எதிர் வீட்டில்தான் குடிவந்தார்கள். ஒரு பெண் குழந்தை, லோஷினி. குழந்தைக்கு நாலு வயது இருக்கும்போது, பினாங்குக்கு லோடு என்று சொல்லிக் கிளம்பியவன் திரும்பவில்லை. சண்டை கிடையாது. குடி கிடையாது. இன்னொருத்தியோடு ஓடினான் என்றாவது சொல்லலாம், அதுவும் அப்போது கிடையாது. போனான், அவ்வளவுதான். ஈப்போவில் பார்த்தேன் என்றார் ஒருவர். பிறகு கோத்தா பாருவில் என்றார்கள். எல்லையைத் தாண்டி ஹாட்யாய் வரைக்கும் ஓடுகிறான் என்றார்கள். சாலை தீர்ந்தால் அவனுக்கு மூச்சு முட்டும் போலிருக்கிறது.

தாமானுக்கு வெளியே பெரிய லாரி பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டால் அந்தக் குழந்தை வெறுங்காலோடு வாசல் கேட்டுக்கு ஓடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரூபினி மீன்உருண்டை பேக்டரியில் வேலையில் இருப்பாள். நான்தான் போய்த் தூக்கி வருவேன். தூக்கினால் அழாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் அது ஓடுவதை நிறுத்திவிட்டது. பாடத்தில் கெட்டிக்காரியாக வந்தது, பேச்சுப் போட்டி என்றால் கோப்பையோடுதான் வீடு திரும்பும். இப்போது கெலாங் பாத்தாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் நல்ல வேலை. வார நாளில் அங்கேயே தங்கி, சனிக்கிழமை அம்மாவிடம் வந்துவிடுவாள்.

இரண்டு தீபாவளிக்கு முன் சுகுமாறன் வந்து சேர்ந்தான். ஏன் வந்தான் என்று ஊருக்கே தெரியும். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. லைசன்ஸைப் புதுப்பிக்கத் தரவில்லை. லாரி இல்லை என்றதும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே நின்றவனிடம் ரூபினி அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"என்னைக் கேக்காதீங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். புள்ளைய கேளுங்க. அவ வாங்கன்னா வாங்க."

புள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்குவாள், அவன் நிற்பான். காதில் மாட்டியதைக் கழற்றாமல் நடந்து போய்விடுவாள். போ என்றும் இல்லை, வா என்றும் இல்லை. எக்ஸ்பிரஸ் பஸ்கள் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் அமீரின் உணவகம் இருக்கிறது. அதன் மாடியில் ஓர் அறையில் சுகுமாறன் ஒண்டிக்கொண்டான். வந்து நிற்கிற பஸ்களைக் கழுவிவிடுவது வேலை. மகள் வாயிலிருந்து ஒரு 'வாங்க' விழுமா என்று காத்திருந்தான். அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எனக்கோ அது விழக்கூடாது என்றுதான் இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒருமுறை அமீரின் உணவகத்தில், பின்பக்க மேசையில் கூடும். தலைவர் கமலநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் தமிழ்ப் பள்ளியில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள், ஆகவே செயலாளர் வேலை என் தலையில். அமீரும் அவன் அம்மா சம்சாத் பேகமும் உண்டு. லோஷினி உண்டு. அவளைப் போலவே கெலாங் பாத்தாவில் தங்கி, தினமும் இரண்டாவது பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ரூபேந்திரன் என்ற பையனும் உண்டு. அந்த மாதம் அவன்தான் ஓர் அமெரிக்க நாவலைக் கொண்டுவந்தான். எழுபது வருஷத்துக்கு முந்தியது. பீட் தலைமுறை என்று ஒரு கூட்டமாம். வேலை வெட்டி, வீடு வாசல் எதிலும் ஒட்டாமல் அலைந்தவர்களாம். இரண்டு சிநேகிதர்கள் காரில் அமெரிக்காவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளக்கிறார்கள். போகிற ஊரில் எல்லாம் பாட்டு, குடி, பெண்கள். கடைசியில் ஒருத்தன் காய்ச்சலில் கிடக்க, மற்றவன் அந்நிய ஊரில் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறான்.

ஆங்கிலம் ஓடாதவர்களுக்காக ரூபேந்திரன் கதையைத் தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினான். அமீர் அதைக் கல்லாவில் சத்தமாகப் போட்டுக் கேட்பான். ஆக, உணவகத்தில் ரொட்டி சாப்பிட வந்தவர்கள் பாதிப் பேருக்கும் கதை தெரிந்துபோயிற்று.

கூட்டத்தில் அடிதடிதான். கமலநாதன் புத்தகத்தை மேசையில் தொப்பென்று போட்டார்.

"இது நாவலா? பொறுப்பு இல்லாத நாலு பேரு பெட்ரோல் தீர்த்த கதை. இதை வீட்ல வைக்கவே கூசுது."

"சார், அப்படிச் சொல்லாதீங்க" என்றான் ரூபேந்திரன். "நான் தெனமும் இன்னொரு நாட்டுக்குப் போயிட்டு வரேன். ஆனா எங்கயுமே போனதில்ல. இதப் படிச்சப்பதான் அது எனக்கே தெரிஞ்சுது. ஒரு வாரம் தூக்கம் வரல சார்."

"அதெல்லாம் இருக்கட்டும்லா" என்றான் அமீர். "இவனுங்க சாப்புட்ட கடையில காசு குடுத்தானுங்களா இல்லியா? எனக்கு அந்தக் கடக்காரன்தான் பாவமா இருக்கு."

அவன் அம்மா சம்சாத் பேகம் கோபத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கத சொல்றவன் ஊரெல்லாம் சுத்திட்டு ஒவ்வொரு வாட்டியும் அத்தை வீட்டுலதானே வந்து விழுறான்! அந்த அத்தைக்கு ஒரு பேராச்சும் வச்சானா? ஆக்கிப் போட்டவளப் பத்தி ஒரு பக்கம் எழுத வலிக்குதோ?"

நான் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை தூக்கி எறிந்தேன். முதல் முறை அந்த ஊர்சுற்றிகள் மேல் கோபம். இரண்டாவது, மறுபடி எடுத்துப் படிக்கிறேனே என்று என் மேல் கோபம். இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். லோஷினி மட்டும் சிரிக்கவில்லை. நீ என்னம்மா சொல்கிறாய் என்று கமலநாதன் கேட்டதற்கு, "நல்லா எழுதிருக்கான் சார்" என்றாள்.

சுகுமாறனும் அந்தக் கதையைக் கேட்டிருந்தான். கல்லாப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று எல்லாத் துண்டுகளையும் கேட்டிருக்கிறான். கார் எந்த மாடல், வழியில் அவர்களை ஏற்றிக்கொண்ட லாரிக்கு எத்தனை டயர் என்றெல்லாம் விசாரித்தானாம். பிறகு அமீரிடம் ஒன்று கேட்டிருக்கிறான்.

"அமீரு, அவன் சுத்திட்டு வீட்டுக்குப் போனான்ல. சேத்துக்கிட்டாங்களா?"

"தொரத்துவாங்கண்ணே. அப்பறம் சேத்துக்குவாங்க. மறுபடியும் தொரத்துவாங்க."

"ஆனா சேத்துக்கிட்டாங்கதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போனானாம். எத்தனையோ பேர் படித்த நாவல். இப்படிப் படித்தவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

இந்தச் சண்டை கமலநாதனுக்கு இனித்துவிட்டது. மனிதருக்கு நடுவர் நாற்காலி என்றால் கொள்ளை ஆசை. சித்திரைப் புத்தாண்டுக்குக் கோயில் மண்டபத்தில் இதையே பட்டிமன்றமாக வைத்துவிடலாம் என்றார். தலைப்பும் அவரே தந்தார்: வீட்டை விட்டுச் சாலையில் போனவன் விடுதலை தேடியவனா, பொறுப்பை உதறியவனா? யார் எந்த அணி என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார். சாலைக்காக உருகிய ரூபேந்திரனுக்கு 'பொறுப்பை உதறியவன்' என்ற அணி விழுந்தது. லோஷினி சீட்டைப் பிரித்தாள். விடுதலை.

அவள் அப்பா கதை கமலநாதனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் படித்த பள்ளிக்கே அவர்தான் தலைமையாசிரியர். மாற்றிக்கொடுத்திருக்கலாம். மனிதர் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல பேச்சாளருக்கு அணி ஒரு பொருட்டே இல்ல" என்றார். கூட்டம் நிறைய வரும் என்று கணக்குப் போட்டிருப்பார் என்பது என் எண்ணம். வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம்னா சொல்லுமா. நான் அந்த ஆளுகிட்ட பேசுறேன்."

"எதுக்கு ஆன்ட்டி? எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவேன். ஜெயிப்பேன்."

முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் கையை விட்டுவிட்டேன்.

பட்டிமன்றத்தன்று மண்டபத்தில் உட்கார இடம் இல்லை. அமீர் சுகுமாறனையும் அழைத்து வந்திருந்தான், "உங்க மவ பேசுதுண்ணே" என்று சொல்லி. தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவன் கண்ணுக்கு மேடை வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். ரூபினிக்கு அன்று பேக்டரியில் ஓவர்டைம், வரவில்லை.

ரூபேந்திரன் சொதப்பினான். மனசு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் இருந்தால் வேறென்ன ஆகும். நாவலின் நாயகனைத் திட்டப் போய், பாதியில் அவனைப் புகழ்ந்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தான். அடுத்து லோஷினி எழுந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்குச் சரி செய்தாள்.

"நடுவர் அவர்களே! வீட்டை விட்டுப் போனவனைப் பற்றி எதிரணியினர் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். நான் அப்படி ஒருவருடைய மகள். இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும். தெரியாதது போல் உட்கார்ந்திருக்கிறீர்கள்."

சிரிப்பு எழும்பி, அப்படியே அடங்கியது. அவள் நிதானமாகப் போனாள்.

"நான்கு வயதில், லாரிச் சத்தம் கேட்டால் கேட்டுக்கு ஓடுவேன். பாவம் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நான் சொல்கிறேன், அந்தச் சத்தம்தான் எனக்கு இந்தத் தாமானுக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்று காட்டியது. வீட்டிலேயே இருந்துகொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்க்காத அப்பாக்கள் எத்தனை பேர்? என் அப்பா பொய்யாக இருக்கவில்லை. போனார். அவருக்குள் ஒரு சாலை இருந்தது. அதைப் பூட்டிவைத்து எங்களோடு சாப்பிட்டிருந்தால், அந்தச் சோறு அவருக்கும் இறங்கியிருக்காது, எங்களுக்கும் இறங்கியிருக்காது."

இங்கே அவள் குரல் உடைந்தது. என் பக்கத்தில் இருந்த சம்சாத் பேகம் முந்தானையை எடுத்துக்கொண்டார். நானும் கைக்குட்டையைத் தேடினேன், வெட்கம்.

"சாலையில் போன மனிதன் ஒருநாள் களைத்துத் திரும்புவான். அவனிடம் ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். என் வீட்டுக் கேட்டில் அவர் வந்து நின்றால், நடுவர் அவர்களே, 'வாங்கப்பா' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் என்னிடம் வேறு வார்த்தை இல்லை!"

கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைத்தட்டல் ஓயவே இல்லை. புத்தகத்தை வீட்டில் வைக்கக் கூசிய கமலநாதன், 'விடுதலை தேடியவனே' என்று தீர்ப்புச் சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். ஹேம்பர் கூடை கொடுத்தார்கள். எல்லாரும் அவளோடு செல்பி எடுக்க முண்டியடித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் சுகுமாறன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அமீர் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

தீபாவளிக்குத் தீபாவளி டிவியில் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த சாதிதான் அவனும். அணி பிரித்துக் கொடுப்பார்கள், கொடுத்த பக்கத்துக்குப் பேசுவார்கள் என்பது தெரியாதவன் இல்லை. ஆனால் பெற்ற மகள் ஊரைக் கூட்டி, கண்ணீர் விட்டு, 'வாங்கப்பா' என்று சொன்ன பிறகு அணியாவது ஆட்டுக்குட்டியாவது? அவன் காத்திருந்த அதே வார்த்தை. அதற்குமேல் அவனுக்கு வேறு எதுவும் காதில் விழுந்திருக்காது.

அமீரும் அப்படியே நம்பினான். "மேடையில சொல்லிட்டாளேண்ணே, எல்லாருக்கும் முன்னாடி! இனி என்ன லா!" என்று குதித்திருக்கிறான். மறுநாள் ஞாயிறு காலையில் ரொட்டியும் ஆட்டுக்கறியும் போட்டு வழியனுப்பினான். மாடி அறைக்கு ஏற்கெனவே ஆள் கேட்டிருந்தார்கள். சுகுமாறன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே புது வேலையாள் பாயோடு ஏறிவிட்டானாம். இதில் அமீரைக் குற்றம் சொல்ல முடியாது, கடை நடத்துகிறவன்.

நான் கார் நிற்கும் இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக் கேட்டுக்கு முன் பையோடு சுகுமாறன் வந்து நின்றான். கூப்பிடவில்லை, சும்மா நின்றான். ரூபினி வெளியே வந்தாள். மகள் பேச்சைப் போனில் பார்த்திருக்கிறாள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து அந்த வீடியோதான் தாமான் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. கண் வீங்கியிருந்தது. ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தாள். அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே தேத்தண்ணி கலக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாஷிங் மெஷின் சத்தமும் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது, அவன் துணியை எடுத்துப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷம் அவள் வாயைத் திறக்காமல் இருந்தது வேண்டாம் என்பதால் இல்லை போலிருக்கிறது. சரி, இதுதான் உன் ஆசை என்றால் நான் யார் என்று நினைத்து, எனக்கு எரிச்சலாக வந்தாலும் அவனைப் பார்த்துத் தலையாட்டினேன். அவனும் என் பக்கம் உத்தேசமாகத் தலையாட்டினான்.

லோஷினி லேட்டாக எழுந்தாள். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே வெளியே வந்தவள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அவன் எழுந்துவிட்டான். "வந்துட்டேம்மா."

"இவரு ஏம்மா இங்க இருக்காரு?"

அது அவனுக்கு இல்லை, ரூபினிக்கு. அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். "நீதானே சொன்ன… நேத்து…"

லோஷினி கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"அலமாக்! அம்மா, அது பட்டிமன்றம்மா. சீட்டுல வந்த அணி. ரூபேந்திரனுக்கு அது வந்திருந்தா அவன் பேசிருப்பான்."

"நீ அழுதியேம்மா" என்றான் சுகுமாறன்.

"அது பிராக்டிஸ் பண்ணது. எந்த எடத்துல கொரல் ஒடையணும்னு பேப்பர்ல கோடு போட்டு வச்சிருந்தேன்."

அவன் கை நாற்காலியின் முதுகைத் தேடியது. அத்தோடு விட்டிருக்கலாம் அந்தப் பெண். உள்ளே போய் வாய் கொப்பளித்துக்கொண்டு, அம்மாவிடம் இரண்டு வார்த்தை கத்தியிருந்தால்கூடப் போதும். அவள் பிரஷ்ஷைக் கேட்டுத் தூணில் வைத்தாள். நான் குழாயோடு நிற்பதைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தண்ணிய நிறுத்துறீங்களா? சீட்டு எடுக்குறதுக்கு முன்னாடியே நான் ரெண்டு பக்கத்துக்கும் எழுதி வச்சேன். இன்னொண்ணு வீணாப் போச்சு. நீங்கதான் நடுவர்."

"லோஷினி, வேணாம்டா. உள்ள போ" என்றேன்.

அவள் இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, மேடையில் நிற்பதைப் போலவே நின்றாள். நைட் டிரெஸ், வாயோரம் பற்பசை நுரை காய்ந்திருந்தது.

"நடுவர் அவர்களே! சாலை யாரையும் கூப்பிடுவதில்லை. அது தார். இவர்தான் போனார். போகும்போது என்னைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுப் போனார், அன்றைக்கும் லோடுக்குத்தான் போகிறார் என்று நான் நம்பவேண்டும் என்பதற்காக. நான் கேட்டுக்கு ஓடியதை நேற்று உலகம் பெரிது என்றெல்லாம் சொன்னேன். ஓடியபோது அந்தக் கேட்டு எனக்கு வாய் உயரம். வெயிலில் கொதிக்கும் இரும்பில் உதடு பட்டுப் பொத்துப்போகும். எதிர் வீட்டு ஆன்ட்டி வந்து தூக்கும்போது நான் அழமாட்டேன். அழுதால் லாரிச் சத்தம் கேட்காமல் போய்விடும் என்று பயம்."

எனக்கு இது தெரியாது. அவளை அத்தனை தடவை தூக்கியவள் நான், எனக்கே தெரியாது.

"திரும்பி வந்தாரே என்பார்கள். இவர் எங்களைத் தேடி வரவில்லை. கண் போனதால் வந்தார். கண் நன்றாக இருந்திருந்தால் இந்த நேரம் ஹாட்யாய்க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பது மட்டும்தான் கேள்வி. அந்த நாவலை எல்லாரும் படித்தீர்களே, அதில் அவன் விட்டுவிட்டுப் போன பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது யாராலாவது சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. இதோ இங்கே ஒருத்தி இருக்கிறாள். இவள் கையைப் பாருங்கள்."

ரூபினியின் கையை இழுத்து விரித்துக் காட்டினாள். ஐஸ் தண்ணீரில் மீன் அலசி அலசித் தோல் வெடித்த கை. ரூபினி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டதில் கோப்பை விழுந்து உடைந்தது. லோஷினி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தக் கைதான் இன்றைக்கு அவர் பையை வாங்கி உள்ளே வைத்திருக்கிறது. அதற்காக என் தாயை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரை மன்னிக்கும் கேள்வியே எழவில்லை. இத்துடன் என் வாதத்தை முடிக்கிறேன்."

பக்கத்து வீடுகளில் எல்லாம் ஆள் வெளியே வந்திருந்தார்கள். மண்டபத்தில் பேசியதைவிட இது நல்ல பேச்சு. ஒரு வார்த்தை தடுமாறவில்லை, குரல் எங்கேயும் உடையவில்லை. இவன் படவேண்டும் என்று இத்தனை வருஷம் ஆசைப்பட்டவள் நான். அவன் பட்டதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது, அறையவும் தோன்றியது.

சுகுமாறன் கண்ணைச் சுருக்கி அவள் முகம் இருந்த திசையைப் பார்த்தான்.

"இதுவும் பட்டிமன்றந்தானாம்மா?"

"இல்ல" என்றாள். "இத யாரும் சீட்டுப் போட்டுக் குடுக்கல." பிறகு, தலையைத் திருப்பாமலே, "அம்மா, அவரு பேக்கு" என்றாள்.

ரூபினி அசையவில்லை. "துணியெல்லாம் மெஷின்ல கெடக்கு. காயட்டும். காஞ்சதும் குடுத்தர்றேன்."

"ஈரமாவே குடுத்துரு."

மெஷின் சுற்றி முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் தானாகவே கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். ரூபினி உடைந்த கோப்பையைப் பொறுக்கினாள். மெஷின் நின்றதும் அவள் உள்ளே போய், பிழிந்த சட்டைகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் அடைத்து, காலிப் பையையும் சேர்த்துக் கொண்டுவந்து கம்பிக்கு மேலே நீட்டினாள். அவன் தடவி வாங்கினான். எந்தப் பக்கம் போவது என்று ஒரு கணம் நின்றான். அவனுக்கு வழக்கமாக வாயில் வருவதுதான் அப்போதும் வந்தது.

"சரிம்மா. போய்ட்டு வரேன்."

"வராதீங்க" என்றாள் லோஷினி.